கடைசிப் பாடத்தை முதலில் கேட்டவள்

“மிஸ், கடைசிப் பாடத்த இப்பவே நடத்திடுறீங்களா?”

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு நான் பயிற்சி ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அறிவியல் வகுப்பு முடிந்து சார்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேசையருகே வந்து இப்படிக் கேட்டாள்.

“அது வருஷக் கடைசியிலதான் வரும். நான் அப்ப இருக்க மாட்டேனேம்மா” என்றேன்.

“நானும் இருக்க மாட்டேன் மிஸ்.”

“ஏன், வேற ஸ்கூலுக்குப் போறியா?”

“இல்ல, சும்மா” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அப்போது பி.எட். இரண்டாம் வருடம். திருவெள்ளறையில் எங்களுக்கு வீடும் வயலும். காலையில் திருச்சி சத்திரம் போகிற பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, மாம்பழச் சாலையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பள்ளிக்குப் போவேன். ஒரு கையில் சார்ட் நசுங்காமல் இருக்க வேண்டும், இன்னொரு கையில் கம்பி. அன்றன்றைக்கு லெசன் பிளான் எழுதி, வழிகாட்டி ஆசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு அதே பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்தவள் என் வகுப்புத் தோழி. ஒரு சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு, அப்பா அம்மா இரண்டு பேருமே ஆசிரியர்கள். அவள் அதே வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தாள். ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே சொன்னாள்.

“கடைசிப் பாடம் கேட்டாளே, அந்தப் பொண்ணு கலர் பென்சில் டப்பாவ பக்கத்துப் பொண்ணுக்குக் குடுத்துட்டா. நேத்து ஜாமெட்ரி பாக்ஸ். இன்னிக்கு வாட்ச். கேட்டா, ‘எனக்கு வேணாம் மிஸ்’னு சொல்றா.”

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் ஞாபகம் வந்தது. கல்லூரியில் உளவியல் எடுத்த மேடம், தனக்குப் பிடித்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடும் பிள்ளையைக் கண்டால் அலட்சியமாக விடாதீர்கள், உயிரை விட நினைக்கிறதோ என்று பாருங்கள் என்று சொல்லியிருந்தார். பரீட்சைக்காக அடிக்கோடிட்ட வரி அது. அன்று சாயங்காலம் பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது, தினமும் பார்க்கிற அந்தத் தண்ணீரை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் வீடும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவளோடு பேச வேண்டும் என்று பின்னாலேயே போனேன். பள்ளி கேட்டுக்கு வெளியே பைக்கில் ஒரு ஆள் காத்திருந்தான். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அவன் என்னைப் பார்த்து மரியாதையாகவே சிரித்தான்.

“நீங்கதான் புது டீச்சருங்களா? நான் இவ மாமா, அம்மாவோட தம்பி. வீட்டுல உக்காந்து எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்கா. ரொம்பப் படிக்கச் சொல்லாதீங்க டீச்சர். இனிமே எதுக்கு?”

பைக் கிளம்பியது. ‘இனிமே’ என்ற அந்தச் சொல் வெயிலில் அங்கேயே நின்றது. அவள் சாகப் போவதில்லை, அவளுக்குக் கல்யாணம் என்று புரிந்தது. புரிந்ததும் நிம்மதியாக இல்லை.

மறுநாள் காலை வகுப்பு ஆசிரியையிடம் போனேன். அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“அப்பா இல்லாத பொண்ணும்மா. மாமன்தான் அந்தக் குடும்பத்தப் பாத்துக்கறான். நாம என்ன பண்ண முடியும்? போன வருஷம் இப்படித்தான் ஒரு விஷயத்துல தலையிட்டு, பொண்ணோட சொந்தக்காரங்க வந்து ஸ்டாஃப் ரூம் கதவ உடைச்சாங்க. நீங்க மார்க் வாங்கிட்டு நல்லபடியா போய்ச் சேருங்க.”

குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அதுதான் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அன்று என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். மதிய இடைவேளையில் அவளை மட்டும் உட்காரவைத்து அந்தக் கடைசிப் பாடத்தை நடத்தினேன். தேனீ வளர்ப்பு. அவள் ஒவ்வொரு சொல்லையும் எழுதினாள். முடிவில், “எப்பம்மா?” என்று மட்டும் கேட்டேன். பேனாவை மூடிக்கொண்டே, “வர்ற வெள்ளிக்கிழம மிஸ். குலதெய்வக் கோயில்ல, மாமாவுக்கும் எனக்கும். யார்ட்டயும் சொல்லாதீங்க, அம்மா மருந்தக் குடிச்சிருவேன்னு சொல்லுது” என்றாள்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. என் வகுப்பைப் பார்வையிட அன்றைக்குத்தான் கல்லூரியிலிருந்து அந்த உளவியல் மேடம் வந்திருந்தார். நான் பாடத்தைத் தொடங்கினேன். மூன்றாவது பெஞ்சில் அந்தக் காலி இடம். இரண்டு தடவை வாக்கியத்தை நடுவில் மறந்தேன். மணி அடித்ததும் மேடம் குறை சொல்லத் தொடங்குமுன் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு, “போன் இருக்கா?” என்றார்.

ஆய்வகத்துக்குப் பின்னால் நின்று குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். தோழி மூலையில் காவல் நின்றாள். மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்: பெயர், வயது, தெரு, கோயில் எந்தப் பக்கம். சொல்லச் சொல்ல என் குரல் யாருடையதோ போலக் கேட்டது.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் அதிகாரிகளும் போலீசும் கோயிலுக்கே போய்விட்டார்கள். அவளுக்கு மாலை போட்டு உட்காரவைத்திருந்தார்களாம், தாலி ஏறவில்லை. அம்மாவிடமும் மாமனிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, அவளைக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். அம்மா மருந்து எதுவும் குடிக்கவில்லை. வாசலில் மண்ணை வாரித் தூற்றினார் என்று பக்கத்து பெஞ்சுப் பெண் சொன்னாள்.

தகவல் சொன்னவர் யார் என்று அதிகாரிகள் சொல்லவில்லை. மாமனே கண்டுபிடித்துக்கொண்டான். திங்கள்கிழமை சாயங்காலம் மாம்பழச் சாலையில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது, ஜன்னலுக்குக் கீழே அந்த வெள்ளைச் சட்டை. டோல்கேட் வரை பஸ்ஸுக்கு இணையாகவே பைக்கை ஓட்டி வந்தான். கத்தவில்லை, திட்டவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாள் எங்கள் ஊர்வரை வந்து, நான் இறங்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனாலும் சொன்னேன். அப்பா கை கழுவாமல் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

“தப்பா எதுவும் பண்ணலையே நீ” என்றார். “அப்புறம் ஏன் ஒளிஞ்சுக்கிட்டு வர்ற?”

அடுத்த நாளிலிருந்து பயிற்சி முடியும்வரை ஸ்ரீரங்கம் வரைக்கும் அவரே பஸ்ஸில் கூட வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு மனு கொடுத்தார். அதன் பிறகு பைக் வரவில்லை. வராத நாள்களிலும் ஜன்னல் பக்கம் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண் இப்போது வேறு மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பத்தாம் வகுப்பு தேறிவிட்டாள். அம்மா அவளோடு பேசுவதில்லை. “பரவால்ல மிஸ், பழகிடுச்சு” என்று போனில் சொல்லும்போது, அந்த வயதுக்கு ஒட்டாத ஒரு குரல். நான் பட்டம் வாங்கி, தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறேன்.

இந்த ஆடிப்பெருக்குக்கு என் அம்மாவோடு காவிரிக்கரையில் அம்மா மண்டபம் போயிருந்தேன். படித்துறை முழுக்கப் புதுக் கல்யாண ஜோடிகள். காப்பரிசி, காதோலை கருகமணி, ஈர மஞ்சள் வாசனை. கூட்டத்துக்கு நடுவில் அவனைப் பார்த்தேன். அதே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் தண்ணீரில் நின்ற பெண்ணின் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கட்டிப் பழகாதவள்.

அவன் பூ வாங்கத் திரும்பிய நேரத்தில் அவளருகே போய், “என்ன வயசும்மா உனக்கு?” என்றேன்.

அவள் முதலில் அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு, “பத்தொம்பது” என்றாள்.

ஒரே மூச்சில் வந்து விழுந்த பதில். மனப்பாடம் பண்ணிய பதில் எப்படி இருக்கும் என்று வகுப்பறையில் தினமும் கேட்கிறவள் நான். என் சந்தேகம் தவறாகவும் இருக்கலாம். அம்மாவைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கி மேலே ஏறி, போனை எடுத்தேன்.