தைத்து வந்த பொதி

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிற்றூர்களை லண்டன் சந்தையோடு இணைத்தவர்கள் பொதிவண்டிக்காரர்கள் என்று யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்தவர் ஜெயசீலன். படிப்பைப் போர் நிறுத்தியது. 1996இல் ஜெர்மனியில் டோர்ட்மண்டிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்குத் தமிழர்களின் பொதிகளை அவரே தன் வான் வண்டியில் கொண்டுபோனார். எதையும் பிரித்துப் பார்க்காமல் ஏற்றமாட்டார்.

புஸ்பவதி துணியில் தைத்த பொதியோடு வந்தார்.

“மகன்ரை கலியாணக் கூறைச்சீலை, தம்பி. என்னையும் சந்தேகப்படுறியோ?”

“அந்தக் கால வண்டிக்காரரை மறிச்சது கள்ளர், அக்கா. என்னை மறிக்கிறது பொலிஸ், நிறத்தைப் பாத்து. ஏதும் ஒளிச்சிருந்தா என்ரை விசா போயிடும்.”

புஸ்பவதி முணுமுணுத்தபடி தையலைப் பிரித்தார். கூறையின் மடிப்புக்குள் தாலிக்கொடி இருந்தது.

“இதை ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா... நீ எடுத்துப்போட்டா?”

ஜெயசீலனுக்கு முகம் சிவந்தது. அவரைக் கள்ளனாக நினைத்தது பொலிஸ் மட்டுமல்ல.

“அப்ப நீங்களும் ஏறுங்கோ.”

தாலிக்கொடியைப் பொத்திக்கொண்டு புஸ்பவதி முன் இருக்கையில் ஏறினார்.