கடலுக்குப் பதில் ஒரு புதன்கிழமை

மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் காலண்டரை மட்டும் இன்றுவரை விடாமல் படிக்கிறேன். குடியிருப்பது சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான். எனக்கு வேலை தலைநகரில், கூட்டரசுப் பிரதேசத்துப் பிரிக்பீல்ட்ஸில், ரவிக்கை தைக்கும் கடையில். என் வீட்டுக்காரருக்குக் கிள்ளான் பக்கத்திலேயே மேருவில், தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுவது. கூட்டரசுப் பிரதேச தினத்துக்கு எனக்கு லீவு, அவருக்கு வேலை. சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாளுக்கு அவர் வீட்டில் இருப்பார், நான் ரயிலில் நின்றுகொண்டு போவேன். ஞாயிறு அவருக்கு ஓய்வு. எங்கள் கடையில் அன்றுதான் கூட்டம். தீபாவளிக்கு இருவருக்கும் லீவுதான், ஆனால் வீடு கொள்ளாத விருந்தாளிகள்.

கல்யாணமான புதிதில் மோரிப் கடலுக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது, கால் நனைக்காமலே திரும்பினோம். "இன்னொரு நாளு வருவோம்" என்றார். அந்த இன்னொரு நாளைத்தான் நான் காலண்டரில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் நாடு முழுவதற்கும் திடீரென்று லீவு அறிவித்தார்கள். டிவியில் கேட்டதுமே காலண்டரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"ஏங்க, சிலாங்கூருக்கும் சேத்துத்தானா?"

"நாடு முழுக்கன்னா? சிலாங்கூர் என்ன தாய்லாந்துலயா இருக்கு?"

"ஒங்க பாஸ் ஒத்துக்குவாரா?"

"மொதல்ல நீ ஒத்துக்கோ லா."

எலுமிச்சைச் சாதம் கட்டினேன். குடை, மாற்றுத்துணி, தலைவலி மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டேன். "கடலுக்குப் போறோமா, ஆஸ்பத்திரிக்கா?" என்று சிரித்தபடி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

பாதி வழியில், தெலுக் பங்லிமா காராங்கில் எண்ணெய் போட நிறுத்தியபோது அவர் போன் அடித்தது. அவருடைய சூப்பர்வைசர். சத்தமாகப் பேசுகிற ஆள், எனக்கே கேட்டது.

"அண்ணே, கண்டெய்னர் வந்து நிக்குது, ஏத்த ஆளில்ல. வந்துருங்கண்ணே, கந்தி தரேன்."

கந்தி என்றால் மலாயில் மாற்று. இன்று வேலை செய்தால் பதிலுக்கு வேறொரு நாள் லீவு.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ வேணாம்னு சொல்லு, போன அடைச்சுடறேன்."

போன மாதம்தான் அவர் தொழிற்சாலையில் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். காற்றில் உப்பு வாடை வருவது போலக்கூட எனக்கு இருந்தது. "போங்க" என்றேன். வண்டி திரும்பியது.

கந்தி ஒரு புதன்கிழமை கிடைத்தது. எனக்கு வேலை. மதியம் கடை வாசலில் யாரோ தேடுகிறார்கள் என்றார்கள். வெளியே வந்தால் அவர், கையில் டிபன் பாக்ஸோடு. தானே கிண்டிய எலுமிச்சைச் சாதம். நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன்.

"ஐயோ, ஒரே உப்பு! கடல் தண்ணியாட்டம் இருக்கு."

"அப்ப மோரிப் வந்தாச்சு லா" என்றார்.

முழுவதையும் சாப்பிட்டோம். அவர் ரயிலேறிப் போன பிறகும் நாக்கில் அந்த உப்பு இருந்தது. மெஷின் பக்கத்திலேயே என் தண்ணீர் போத்தல். வேலை முடியும்வரை நான் அதைத் தொடவில்லை.