ஓவியா பார்க்கும் பக்கம்

என் தம்பி செந்தூர்பாண்டிக்கு நிறம் என்றால் உயிர். சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறான். அச்சில் சிவப்பு மை நூலளவு விலகினாலும் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஏசுவான். வாய் எங்கள் குடும்பச் சொத்து. எனக்கும் உண்டு, அவனுக்குக் கொஞ்சம் கூடுதல்.

அவன் மகள் ஓவியா குறைமாதத்தில் பிறந்தாள். மூளைவாதம் என்றார்கள். ஐந்து வயதாகியும் உட்காரவைத்தால் சாய்ந்துவிடுவாள், கைகால் விறைத்துக்கொள்ளும், பேச்சு வரவில்லை. "பிள்ள படுத்தே கெடக்குக்கா, பாக்கவாச்சும் எதுனா இருக்கட்டும்" என்று தாயில்பட்டி வீட்டின் உள்ளறைச் சுவர் முழுக்க லேபிள் தாள்களை ஒட்டினான். எங்கள் பக்கம் அச்சகத்துக் கழிவுத்தாளைச் சுவரில் ஒட்டுவது புதிதில்லை. ஆனால் மகளுக்கென்று இவன் கழிவைத் தொடவில்லை. முதலாளியிடம் கெஞ்சி நல்ல தாளாகவே வாங்கி வந்தான். மயில், புலி, தாமரை, ராக்கெட் என்று விரல் வைக்க இடமில்லாமல் ஒட்டித் தள்ளிவிட்டான்.

பிள்ளை எதையும் பார்க்கவில்லை. புலியைக் காட்டினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அப்பன் எதிரே போய் உட்கார்ந்தாலும் அப்படித்தான். தன்னைக் கண்டாலே அவளுக்கு ஆகவில்லை என்று அவன் மனது வெந்துபோனது. பிறகு வீம்பு பிடித்துக்கொண்டது. வேலை விட்டு வந்ததும் அவள் தாடையைப் பிடித்து நேராகத் திருப்பி, "அப்பாவப் பாருத்தா" என்பான். அவள் சிணுங்கித் திரும்புவாள். மறுபடியும் பிடிப்பான். அவன் பெண்டாட்டி அழகுமீனா தடுத்தால் அவளுக்கும் வசவு. ஏலே, அவ என்ன உன் மிஷினா, திருகித் திருகிச் சரிபண்ண, என்று நான் கேட்டதற்குத் தம்பி எங்கள் வீட்டுப் பக்கமே சில நாள் வரவில்லை.

ஒருவழியாகப் பிள்ளை பழகிவிட்டாள். அவன் எதிரே வந்து உட்கார்ந்ததும் முகத்தை நேராக வைத்துக்கொண்டாள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மகள் வழிக்கு வந்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பிள்ளைக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் கண்ணையும் காட்டச் சொன்னாள். மதுரை கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கண் நன்றாக இருக்கிறது, கண் பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிதான் அடிபட்டிருக்கிறது, மூளைவாதப் பிள்ளைகள் பலருக்கு இப்படி உண்டு என்றார் டாக்டரம்மா. படங்கள் நெருக்கமாக இருந்தால் இவளுக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடுமாம். கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரு மஞ்சள் பந்தை மெல்ல ஆட்டிக் காட்டினார்.

ஓவியா முகத்தைத் திருப்பினாள். பழக்கதோஷத்தில் தம்பியின் கை தாடைக்குப் போனது. டாக்டரம்மா அந்தக் கையைத் தடுத்தார்.

"விடுங்க. இப்பதான் அவ பந்தைப் பாக்குறா. இவளுக்கு நேரா இருக்கிறது சரியாத் தெரியாது. ஓரக்கண்ணுலதான் தெரியும்."

ஊர் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி சுவரில் இருந்த தாள்களை நகத்தாலேயே கிழித்தான். "எம்புட்டு நாளாக்கா? அவ பாக்கப் பாக்க, நாந்தானக்கா புடிச்சுத் திருப்பிவிட்டேன்" என்றான். பாவி, ஆசையாகத்தானே செய்தான் என்று நானும் கூடச் சேர்ந்து தாளை உரித்தேன்.

அந்தச் சுவரில் கறுப்புத் துணி கட்டினோம். அவன் பூப்போடாத மஞ்சள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல அசைந்தான்.

ஓவியா முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். கடைக்கண் மஞ்சளில் வந்து நின்றது. வாய் திறந்து சிரித்தாள். அப்பனைப் பார்த்து அவள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நொடி, ஏதோ நினைவு வந்தவள்போல, விறைத்த கழுத்தைச் சிரமப்பட்டு இழுத்து முகத்தை அவனுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது. கண் எதிலும் நிற்காமல் அலைந்தது.

"வேண்டாம்த்தா" என்றான் தம்பி. "நீ அங்கனயே பாரு."

அவள் நேராகவே இருந்தாள். திருப்பிவிட அவன் கை எழவில்லை.