அண்ணை வீட்டுக்குப் போகாத பிரான்ஸ்

வேலைத்தளத்தில் என் பக்கத்து மேசையில் இருக்கும் ஆங்கிலேயப் பெண்மணி ஒருநாள் கேட்டார்: வருடா வருடம் பிரான்சுக்குப் போகிறீர்களே, அங்கே உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது? நான் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஏழாம் மாடி.

அது என் அண்ணையின் வீடு. பாரிசுக்கு வடக்கே ஒரு தொடர்மாடி, அதில் அரைவாசி நாள் லிப்ட் வேலை செய்யாது. எங்கள் பிரான்ஸ் பயணம் இருபது வருடமாக ஒரே மாதிரித்தான். நாங்கள் இருக்கும் கோலியர்ஸ் வுட்டில் விடியக் காரில் ஏறினால் டோவர், கப்பல், கலே, நெடுஞ்சாலை, ஏழாம் மாடி. அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஆட்டுக்கறியோடு காத்திருப்பார். சாப்பிடுவோம். அடுத்த நாள் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் சேலைக்கடை, நகைக்கடை. அதற்கடுத்த நாள் சொந்தக்காரர் வீடுகள். ஒரு வீட்டுக்குப் போனால் எல்லா வீட்டுக்கும் போகவேண்டும். இல்லாவிட்டால் விடுபட்ட வீட்டுக்காரர் அடுத்த கலியாணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எல்லா வீட்டிலும் ஆட்டுக்கறிதான். பிறகு திரும்பி வருவோம். பிரான்ஸ் என்ற நாட்டை நான் கார்க் கண்ணாடியால் வேகமாகப் பார்த்திருக்கிறேன். பச்சையாக இருந்தது.

அந்தப் பெண்மணி என் பதிலுக்குச் சிரிக்கவில்லை. பாவம் என்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளும் வளர்ந்து தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். இந்தக் கோடையில் யார் வீட்டுக்கும் போகாமல், சின்னச் சின்ன ஊர்களாகப் பார்த்துக்கொண்டு ஆறுதலாகப் போவோம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் பக்கத்து ஊரான சட்டனில் கடை வைத்திருக்கிறார். விடுமுறை என்றால் அவருக்குக் கடைக்கு வெளியே நின்று கடையைப் பற்றி யோசிப்பது.

"உம்மட அண்ணைக்கு நீர்தான் சொல்லவேணும்" என்றார். அத்தோடு தன் பங்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

சொல்வது லேசான காரியமில்லை. என்னை ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டவர் அண்ணை. உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அதே உணவகத்தில் சமையலுக்கு ஏறி, எங்கள் எல்லாரையும் கரைசேர்த்தவர். அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது அந்த ஏழாம் மாடி ஒன்றுதான். அண்ணை கோபித்துக்கொண்டால் அதுவும் இல்லை. அது தெரிந்துதான் போன் எடுத்தேன்.

"அண்ணை, இந்தமுறை பிரான்சுக்கு வாறம். ஆனா வீட்டை வரேல்லை. சும்மா ஊர் பாக்கப் போறம்."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "சரி" என்றார்.

எங்கள் குடும்பத்தில் சரி என்பதற்குப் பல தரம் உண்டு. இதே தொனியில் சித்தப்பாவிடம் ஒரு சரி சொன்னவர், அதற்குப் பிறகு அவருடைய வாசலை மிதிக்கவே இல்லை. ஆனாலும் புறப்பட்டேன். பிடிவாதத்தில் நானும் அண்ணையின் தங்கைதான்.

நியூஹேவனில் கப்பல் ஏறி தியப்பில் இறங்கினோம். கடற்கரையில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது.

"எங்கை நிக்கிறியள்?"

"தியப்பிலை அண்ணை."

"அங்கை என்ன கிடக்கு?"

"கடல்."

"கடல் பாக்கவோ கப்பல் ஏறி வந்தனியள்? அப்ப கப்பலுக்குக் கீழை கிடந்தது என்ன?" வைத்துவிட்டார்.

"கோவம்தான்" என்றேன் கணவரிடம்.

"கோவிக்கிற ஆள் போன் எடுக்காது" என்றார். எங்கள் குடும்பத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

தியப்பிலிருந்து நெடுஞ்சாலையைத் தொடாமல் சின்னத் தெருக்களால் போனோம். பிரான்சின் கிராமங்களில் மதியமானால் சாப்பாட்டுக் கடையைத் தவிர எல்லாம் பூட்டு. நாங்கள் ஆறுதலாகப் போய்ச் சேரும்போது சாப்பாட்டுக் கடையும் பூட்டு. பூட்டிய கதவுகளுக்கு வெளியே பூச்சாடிகள் மிக அழகாக இருந்தன. கணவர் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, இவர்கள் எப்படி வாடகை கட்டுகிறார்கள் என்று கவலைப்பட்டார்.

ரூவானில் பெரிய தேவாலயத்தின் முன்னால் நிற்கும்போது அண்ணை மறுபடி எடுத்தார். உள்ளே போனீர்களா, காசு கேட்டார்களா, உள்ளே குளிரா என்று கேட்டார். வயல்வெளியில் காரை நிறுத்தியிருந்தபோதும் எடுத்தார்.

"மாடு நிக்குதோ?"

"ஓம்."

"என்ன நிறம்?"

"வெள்ளையிலை மண்ணிறத் திட்டு."

கொஞ்சம் யோசித்தார். "படுத்திருக்கோ, மேயுதோ?"

"படுத்திருக்கு அண்ணை."

"ம்" என்று வைத்துவிட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. குற்றப்பத்திரிகை தயாராகிறது. தங்கச்சி என் வீட்டை விட்டுவிட்டு மாடு பார்க்கப் போனாள் என்று சொந்தம் முழுவதற்கும் சொல்லப்போகிறார். படுத்திருந்த மாடு என்றும் சேர்த்துச் சொல்வார்.

லுவார் ஆற்றங்கரையில் புளுவா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தபோது கணவர் மாறியிருந்தார். ஆற்றங்கரை வாங்கில் உட்கார்ந்து பாணும் சீஸும் பீச் பழமும் சாப்பிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்து, கடை என்ற சொல்லே வாயில் வராமல் பின்னேரம் முழுவதும் இருந்தார். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை. பகலில் பலதடவை போனை எடுத்துப் பார்த்தேன். அண்ணை பின்னேரம்தான் எடுத்தார்.

"ஆறு பெரிசோ?"

"பெரிசு. நடுவிலை மணல்திட்டு. பறவையள் நிக்குது."

"எங்கை இருந்து பாக்கிறாய்?"

"பாலத்துக்குக் கிட்ட ஒரு வாங்கு கிடக்கு."

"எப்ப மட்டும் அங்கை நிப்பியள்?"

"நாளையிண்டைக்கு மட்டும்."

"சரி."

மறுபடியும் அந்தச் சரி. அடுத்தநாள் காலை பாணைத் தட்டோடு தள்ளிவைத்தேன். ஆறும் வேண்டாம், பறவையும் வேண்டாம், அண்ணையிடம் போவோம் என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அன்றைக்குத்தான் கணவர் ஒரு கோட்டையைப் பார்க்கத் தானாக ஆசைப்பட்டிருந்தார். கோட்டை எங்கேயும் ஓடாது என்று சொல்லி அவரைக் காரில் ஏற்றினேன். அறையை அப்படியே விட்டுவிட்டு நெடுஞ்சாலையைப் பிடித்தோம். வருகிறோம் என்று போன் எடுத்துச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவர் வீட்டுக்குப் போக யாராவது கேட்டுவிட்டா போவார்கள்?

லிப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடியும் ஏறிப்போய் மணியை அடித்தேன். மச்சாள் கையில் அகப்பையோடு கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"இவர் உங்களிட்டையெல்லோ வந்தவர்?" என்றார்.

அண்ணை காலை ரயிலில் புளுவாவுக்குப் போய்விட்டார். ஓகஸ்டில் உணவகத்துக்கு லீவு. சொல்லாமல் போய் முன்னால் நிற்கப்போகிறேன், நீ வாயைத் திறந்துவிடாதே என்று மச்சாளுக்குக் கட்டளை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மச்சாள் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டார். வழக்கம்போல எங்களோடு இருக்கவில்லை, குசினி வாசலில் நின்றார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"நீ சொன்ன வாங்கிலை இருக்கிறன். நீங்கள் எங்கை?"

"உங்கட வீட்டை."

போனில் பறவைச் சத்தம் கேட்டது.

"மணல்திட்டு கிடக்கு" என்றார் அண்ணை. "நீ சொன்னதிலும் பெரிசு."

"என்னிலை கோவமோ அண்ணை?"

"வீட்டை வரேல்லையெண்டு எனக்கென்ன கோவம்? வருசாவருசம் வந்து சாப்பிடுறனியள்தானே. முப்பது வருசமா இந்த நாட்டிலை கிடக்கிறன் பிள்ளை. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, எல்லாத்துக்கும் என்னைக் கேட்டிருக்கினம். ஊர் பாக்கப் போறம், நீயும் வாறியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை."

கோபக் குரலாக இருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த அண்ணை எப்போதும் ஒரு வீட்டில் இருப்பவர், நாங்கள் போனால் கதவைத் திறப்பவர். அவருக்கும் எங்காவது போக ஆசை இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. மாட்டின் நிறம் கேட்டபோதுகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. சோற்றுக் கையோடு அழுதேன்.

"அங்கையே இருங்கோ அண்ணை. இப்பவே திரும்பி வாறம்."

"அவசரப்படாமல் வாங்கோ. நான் எங்கையும் போகேல்லை" என்று வைத்துவிட்டார்.

கணவர் கையைக் கழுவி, கார்த் திறப்பைத் தேடத் தொடங்கினார். குசினியில் அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. மச்சாள் அகப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கைப்பையும் காலில் சப்பாத்துமாக நின்றார்.

"அவர் மட்டும் என்னை வாறியோ எண்டு கேட்டவரோ?" என்றார். "காரை எங்கை விட்டனியள்?"