கன்னையன் மாட்டிய டிஷ்

2008 ஆடிக் காற்றில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு பழைய டிஷ் அனாதையாக உருண்டுகொண்டிருந்தது. எனக்கு முன் அந்த அறையில் குடியிருந்தவர் விட்டுப்போனது. ஒரு காலையில் கதவைத் தட்டியவர் அதைத்தான் கேட்டார்.

"ஏனுங்க, மேல கெடக்கற டிஷ்ஷு உங்களுதுங்களா? வேண்டாம்னா நா எடுத்துக்கறனுங்க."

"டிவிக்குங்களா?"

"இல்லீங்க, ரேடியோவுக்கு."

அவர்தான் கன்னையன். மண்ணரையில் எங்கள் வீட்டுக்காரர் சாமியப்பக் கவுண்டரின் அதே கட்டடத்தில், கீழ்ப்பகுதியில் மனைவி சித்ராதேவியோடு குடியிருந்தார். வீடு வீடாக டிஷ் மாட்டுவது தொழில். பத்தாவதில் தேறாதவர், ஆனால் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தார். பொழுதுபோக்குக்காக வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் கூட்டம் அது. அலைவரிசையில் யார் பேசினாலும் மற்ற எல்லாருக்கும் கேட்கும். அங்கே அவரை 'சார்' என்பார்கள்.

"ஊருக்குள்ள நா டிஷ்காரனுங்க. அதுல மட்டுந்தான் சாரு" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மண்ணரையிலிருந்து அனுப்பர்பாளையம், அவிநாசி வழியாகச் சோமனூர் வரை, ஹாம்காரர்களின் வீடுகளை வலைபோல் இணைக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். ஃபோன் செத்துப்போனாலும் செய்தி போகும், படம் போகும். அதற்குக் காசு கொடுத்து ஆன்டெனா வாங்கத் தேவையில்லை, வீசியெறிந்த டிஷ்ஷே போதும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் கன்னையன். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியைக் கழற்றிவிட்டு, தகர டப்பாவில் செய்த ஆன்டெனாவைப் பொருத்தி, அதை வை-ஃபை ரூட்டரோடு இணைப்பார். ரூட்டருக்குள் மென்பொருள் ஏற்றிக் கொடுத்தது நான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். பனியன் கம்பெனியில் பகலெல்லாம் பேக்கிங் ஸ்டிக்கர் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு, படித்தது உதவிய முதல் வேலை அதுதான்.

ஒரு விஷயம் மட்டும் விசித்திரம். இந்த வகை டிஷ் நிமிர்ந்து நின்றால் அலை வானத்துக்குப் போய்விடும். அடுத்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் அதைத் தரையைப் பார்ப்பதுபோல் கவிழ்க்க வேண்டும். டிஷ் மாட்டுபவர்களுக்கு அப்படிக் கவிழ்ந்த டிஷ் என்றால் கேவலம். போல்ட்டை இறுக்கத் தெரியாதவன் வேலை, காற்றில் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து மூத்த ஹாம்காரர் குருசாமி பார்க்க வருவதாக இருந்தது. இணைப்பு கிடைத்தால் டிஷ் மாடியில் இருக்கலாம், இல்லாவிட்டால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும் என்று சாமியப்பக் கவுண்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மாடிக்கு வந்து பார்த்தவர் சும்மா போகவில்லை.

"ஏப்பா கன்னையா, ஊருக்கெல்லாம் மாட்டறவன், உன்ற டிஷ்ஷு வாந்தியெடுக்கற மாதிரி கவுந்து கெடக்குது?"

அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்களும் சிரித்தார்கள். கன்னையன் ஸ்பேனரோடு கீழே இறங்கிப்போனார்.

ஞாயிறு காலை நான் மேலே போனபோது டிஷ் அழகாக நிமிர்ந்து நின்றது. அவருக்குத் தெரியாததா, ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். குருசாமி வந்தார். சித்ராதேவி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. டிஷ்ஷை இடமும் வலமும் திருப்பினார் கன்னையன். ஒன்றுமில்லை.

"அட, டிவியாவது வருதான்னு பாரப்பா" என்றார் கவுண்டர்.

கன்னையன் கைரேடியோவை எடுத்தார். மறுமுனையில் அனுப்பர்பாளையத்து டேனியல். பாத்திரப் பட்டறைக்காரர், இவரிடம் டிஷ் வேலை கற்றுக்கொண்டவர்.

"டேனியலு, என்னய்யா மாட்டி வெச்சிருக்க? பாத்திரம் தட்டறவனுக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? உன்னால எனக்கு மானம் போகுது!"

குருசாமி தலையைத் திருப்பிக்கொண்டார். கோயமுத்தூர் வரைக்கும் ரேடியோ வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டிருப்பார்கள். பிறகு டேனியலின் குரல் வந்தது, எப்போதும்போல.

"நீங்க சொன்னாப்புலயே தரையப் பாக்கறமாதிரி கவுத்தித்தானுங்க சார் வெச்சிருக்கறன். அங்கயும் அப்படித்தானுங்களே?"

எல்லாரும் டிஷ்ஷைப் பார்த்தோம். கன்னையன் மட்டும் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, போல்ட்டைத் தளர்த்தி, டிஷ்ஷைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் டேனியலின் முகம் வந்தது. மடியில் மகளை வைத்துக்கொண்டு கையாட்டினார்.

"வந்துருச்சுங்க சார்! தெரியறமுங்களா?"

குருசாமி கைதட்டினார். கவுண்டரே "பரவால்லயே" என்றார். கன்னையன் திரைக்கு முன் வரவில்லை. காப்பி டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். டம்ளர் எடுக்கப் படியேறி வந்த சித்ராதேவி வெறுங்கையோடு நின்றாள்.

அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு அனுப்பர்பாளையம் போனார். மன்னிப்புக் கேட்கத்தான். டேனியல் பேசவே விடவில்லை. "அதெல்லாம் வேலை டென்ஷனுங்க சார், உடுங்க" என்று சோறு போட்டார். திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இன்னமும் சாருங்கறானுங்க, என்னைய."

கன்னையன் இப்போதும் மண்ணரையில்தான் இருக்கிறார். டிஷ் மாட்டும் வேலைக்குப் போகிறார். மாடி டிஷ் கவிழ்ந்தபடியே வேலை செய்கிறது, சோமனூர் வரை செய்தி போகிறது. அன்றைக்குப் பிறகு அவர் ரேடியோவில் பேசவில்லை.