உட்கார்ந்து சாப்பிட்ட தோசை

போன வருடம் ஆடிப் பதினெட்டை ஒட்டி நடந்தது இது. கிணத்துக்கடவிலிருந்து கொஞ்சம் உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு வீடு. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். அப்போது எனக்கு வயது ஐம்பத்தாறு, கோவையில் கணபதி பக்கம் இருக்கிறேன். ஊர் சுற்றிப் பார்க்க நான் அங்கே போகவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிற மாதிரி எங்காவது இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

எங்கள் அம்மா வீடு வெள்ளகோவிலில் இருந்தது. அம்மா போய் அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது. அண்ணன் திருப்பூருக்குக் குடி போய்விட்டார், அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோம்பி என்றால் கூப்பிடுவார். எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்றுதான் சொல்வோம். போனால் அண்ணி காபியைத் தட்டில் வைத்து எடுத்து வந்து நீட்டுவார். அம்மா வீட்டில் யாராவது தட்டில் வைத்துக் காபி கொடுப்பார்களா? நாமே உள்ளே போய் ஊற்றிக் குடிப்போம். அந்தத் தட்டைப் பார்த்ததுமே நான் விருந்தாளி என்று தெரிந்துவிடும்.

ஊரை நினைத்தெல்லாம் எனக்குப் பெரிய ஏக்கம் கிடையாது. வெயில் காலத்தில் தண்ணீருக்கு அங்கே பட்ட பாடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கல்லிலிருந்து தோசை நேராகத் தட்டுக்கு வர வேண்டும். என் வீட்டில் எல்லோருக்கும் ஊற்றி முடித்து, கடைசியில் ஆறிப்போன இரண்டை அடுப்படியில் நின்றபடி தின்றே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். என் கணவர் தங்கமான மனிதர்தான். "நீயும் வந்து உட்காரேன்" என்பார். உட்கார்ந்தால், அடுத்த தோசைக்குத் தன் தட்டைப் பார்ப்பார்.

ஈரோட்டில் இருக்கும் என் தங்கைக்கும் இதே கதைதான். நாங்கள் இரண்டு பேரும் ஃபோனில் புலம்புவதைக் கேட்டுச் சலித்துப்போன என் மகள்தான் அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தாள். சனிக்கிழமை போய்த் திங்கள் திரும்புவது. ஞாயிறன்று நோம்பி.

முந்தின நாள் தங்கையிடம் சொன்னேன், "கண்ணு, நீ ஒண்ணும் கொண்டு வராத. கைய வீசிட்டு வா." அவள் சொன்னாள், "நீயும் ஒண்ணும் தூக்கிட்டு வராதக்கா. எல்லாம் நான் பாத்துக்கறேன்." இரண்டு பேரும் "சரி சரி" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் மறுப்பதே இப்படித்தான். வாய் சரி என்று சொல்லும், கை மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டு அடுப்படி மேடையில் இரண்டு பேர் பைகளையும் பிரித்து வைத்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தோசை மாவு இரண்டு தூக்குப்போசி. என்னுடையது பஸ்ஸிலேயே புளித்துப் பொங்கிப் பை முழுக்க வழிந்திருந்தது. சின்ன வெங்காயம் இரண்டு கிலோ. பருப்பு இரண்டு, நெய் இரண்டு, புளி இரண்டு, அப்பளக் கட்டு இரண்டு. இரண்டு பேர் இரண்டு நாள் சாப்பிட ஒரு சின்னக் கல்யாணத்துக்கு வேண்டியது இருந்தது. இருவரும் அம்மாவாக வந்திருந்தோம். மகளாக யாரும் வரவில்லை.

பார்வைக்கு அழகான அடுப்படி. கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாகத் தொங்கின. ஆனால் அங்கிருந்த கத்தி தக்காளியை நசுக்கத்தான் செய்தது. அடுப்பு ஒன்றே ஒன்று, இண்டக்ஷன்.

மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம் என்று முடிவு செய்தோம். வெளியூரில் போய்ச் சமைக்க அதைவிடச் சுலபமானது ஏது? வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்துப் போட்டுத் தண்ணீர் விட்டால் முடிந்தது. மேலே நெய். தங்கை தன் பையின் அடியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்தாள். அம்மாவின் அலுமினியப் போசி. அம்மா எப்போதும் அரிசிம்பருப்பு ஆக்கியது அதில்தான்.

அம்மா இறந்து பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டபோது அந்தப் போசி எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வாய் விட்டுக் கேட்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள். எனக்குத் தோசைக்கல் வந்தது. அதற்கப்புறம் மூன்று வருடமாக அவளோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மனசுக்குள் ஓர் ஓரத்தில் அந்தப் போசி உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

தங்கை போசியை இண்டக்ஷன் மேல் வைத்தாள். அது கீக் கீக் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மறுபடி வைத்தாள், மறுபடி கத்தியது. அலுமினியத்தை அந்த அடுப்பு ஏற்காது. ஈரோட்டிலிருந்து பையை மடியில் வைத்துக் கொண்டுவந்தவளுக்கு முகம் விழுந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. "வேற பாத்திரத்துல வெச்சுக்கலாம் விடு. ஒரு போசிக்கு என்ன இத்தனை?" என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் அப்போதுதான் குடத்தில் குடிதண்ணீர் கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். தோப்பின் பின்பக்கம் அவளும் அவள் வீட்டுக்காரரும் குடியிருக்கிறார்கள். போசியைப் பார்த்தாள், தங்கை முதுகையும் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இந்த அடுப்பு இதையெல்லாம் ஏத்துக்காதுங்க. எங்கூட்டுல கேஸ் இருக்குது. வாங்க, அங்க வெச்சுக்கலாம்."

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு அப்படித்தான் தென்னைகள் ஆடின. அவள் வீட்டு மேற்குக் கதவைச் சாத்தி, அடுப்புக்கு ஒரு தகரத்தை மறைப்பாக வைத்துச் சமைத்தோம். அம்மா போசியில் அரிசிம்பருப்பு வெந்த வாசம் வந்தபோது தங்கை என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் முதலில் எடுத்து வைத்தோம். அப்புறம், "நீ உக்காரு கண்ணு, நான் போடறேன்" என்றேன். "இல்ல, நீ உக்காருக்கா" என்றாள். கடைசியில் இரண்டு பேரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பு மேடையோரம் நின்றே சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் காலை நோம்பி. என் முறை. அம்மாவின் தோசைக்கல்லை ஜம்பமாக எடுத்து வந்தேன். "இது இரும்பாக்கும், இந்த அடுப்பு ஏத்துக்கும்" என்று தங்கையிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் நாற்பது வருடம் சூடு கண்ட கல், அடி வளைந்துபோயிருந்தது. கண்ணாடி மேல் வைத்ததும் ராட்டினம் மாதிரி சுற்றியது. ஊற்றின தோசை நடுவில் கருகி, ஓரமெல்லாம் பச்சை மாவாக நின்றது. தெய்வம் நின்று கொல்லும் என்று படித்திருக்கிறேன். என் விஷயத்தில் ஒரு ராத்திரிக்கு மேல் அது நிற்கவில்லை. தங்கை சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. துணியைச் சுற்றிக் கல்லைத் தூக்கிக்கொண்டு, "வாக்கா, அந்தூட்டுக்கே போலாம்" என்று முன்னால் நடந்தாள். மூன்று வருடமாக அந்தப் போசியை நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது அப்போது எனக்கே கேவலமாகப் பட்டது.

அங்கே போயும் பழைய பாட்டுத்தான். நீ உக்காரு, நீ உக்காரு. கரண்டிக்கு இருவரும் கை நீட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் எங்கள் நடுவில் வந்து நின்றாள்.

"நானும் நேத்துல இருந்து பாத்துட்டே இருக்கறனுங்க. ரெண்டு பேரும் உக்காரு உக்காருங்கறீங்க. ஒருத்தரும் உக்காரக் காணமுங்க. கரண்டிய இப்புடிக் குடுங்க."

பிடுங்காத குறைதான். தரையில் பாயை விரித்து இரண்டு தட்டு வைத்தாள். உட்கார்ந்தோம். முதல் தோசை எனக்கு வந்தது. விரல் சுட்டது. அதைப் பிய்த்து வாயில் வைப்பதற்குள் தங்கைக்கு ஒன்று. மறுபடி எனக்கு. "ஆற உடாதீங்க்கா, அடுத்தது வருது" என்று அவள் கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். அம்மாவும் இதையேதான் சொல்வார், இப்படியே முகத்தைத் திருப்பாமல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தால் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், சட்னி காரம் என்று பேர் பண்ணிக்கொண்டு. நான் எத்தனை தோசை சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

வயிறு நிறைந்த பிறகுதான் அடுத்தவரை விசாரிக்கத் தோன்றுகிறது. "ஏன் அம்மணி, நீ நோம்பிக்கு அம்மா ஊட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

"கருமத்தம்பட்டிங்க எங்கம்மா ஊடு. ரெண்டு பஸ் மாறுனாப் போயிரலாம். ஆனா நோம்பி நாளாப் பாத்துத்தான் இங்க ஆள் வாராங்க. அவருக்குத் தோப்பு வேலையே சரியாப் போயிருது. ஊட்டைப் பாக்க நான் இருக்கோணுமில்லீங்க. ரெண்டு வருசம் ஆச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டு நாங்கள் வந்து உட்கார்ந்த நோம்பி, அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நோம்பி. அவளைக் கட்டிப்போட்டதே நாங்கள்தான். அவள் கையால் சூடாக வாங்கிச் சாப்பிட்டு அழுதுகொண்டும் இருந்தோம்.

தங்கைதான் முதலில் எழுந்தாள். "நீ கெளம்பு கண்ணு. போயிட்டு நாளைக்குக் காலைல வந்தாப் போதும். ஊட்டை நாங்க பாத்துக்கறோம். ஊடு கூட்டத் தெரியாதா எங்களுக்கு?" என்றாள். அந்தப் பெண் ஆயிரம் மறுப்புச் சொன்னாள். தோப்பிலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போயிட்டு வா போ" என்றதும் சேலை மாற்ற ஓடிவிட்டாள். எங்களிடம் எல்லாமே இரண்டு இரண்டாக இருந்ததே, அதில் ஒரு பங்கை அப்படியே பையில் போட்டுக் கொடுத்தோம். "அம்மா ஊட்டுக்கு இத்தனை சுமந்துட்டுப் போனா ஊரே சிரிக்குமுங்க்கா" என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கிப் போனாள்.

அன்று மதியம் அவள் அடுப்பில் பள்ளிபாளையம் சிக்கன் செய்தோம். கோழி, சின்ன வெங்காயம், வர மிளகாய், சீவின தேங்காய்ச் சில்லு, அவ்வளவே போதும். அம்மா போசியில்தான். மூன்று பேருக்கு ஆக்கி, அவள் வீட்டுக்காரருக்குத் தோப்புக்குக் கொடுத்துவிட்டோம். "இப்ப நீ உக்காரு, சாயங்காலம் நான் உக்காந்துக்கறேன்" என்றாள் தங்கை. உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காமல் தட்டை நகர்த்தியது, தண்ணீர் ஊற்றப் போனது. "அசையாம இருக்கா" என்று அதட்டினாள். உட்கார்வதும் பழக வேண்டிய ஒன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு, அந்தப் போசி எனக்கு வேண்டும் என்று மூன்று வருடம் முன்னால் நினைத்ததை அவளிடம் சொன்னேன். "கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே" என்றாள். பிறகு போசியைக் கழுவிக்கொண்டே, "குடுத்திருக்க மாட்டேன்" என்றாள். இருவரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை காலை நாங்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்துவிட்டாள். கையில் ஒரு பை. அதிலிருந்து தினத்தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்தாள்.

"எங்கம்மா குடுத்துச்சுங்க. இப்புடி அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, அம்மா இல்லாதவிய, நோம்பிக்கு வந்திருக்கறாங்கன்னு சொன்னேன். பொம்பளப் புள்ளைகள நோம்பிக்கு வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு கச்சாயம் சுட்டுக் குடுத்துச்சு. பெரிய புள்ளைக்கு ஒண்ணு, சின்னப் புள்ளைக்கு ஒண்ணாமாங்க."

நான் பொட்டலத்தை வாங்கினேன். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட பணியாரத்தின் எண்ணெய் தாளில் ஊறியிருந்தது, வெல்ல வாசம் வந்தது. பெரிய புள்ளை. என்னை அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் மூன்று வருடம் ஆகியிருந்தது. பொள்ளாச்சி ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏறினோம். கோவை உக்கடத்தில் பிரிகிறபோது தங்கை தன் பொட்டலத்தை என் பொட்டலத்தோடு வைத்துப் பார்த்து, "சரியாத்தான் குடுத்திருக்காங்க" என்றாள், சின்ன வயசில் எதைப் பங்கு போட்டாலும் அளந்து பார்க்கிற அதே மாதிரி.

அம்மா இல்லாத குறை அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஆடியிலும் வெள்ளகோவில் பஸ்ஸைப் பார்த்தால் கால் ஒரு நொடி நிற்கத்தான் செய்கிறது. வீட்டில் இப்போது வாரத்துக்கு ஒரு நாள் என் கணவர் தோசை ஊற்றுகிறார், எந்த ஊர் வரைபடம் என்று கேட்கக் கூடாது, நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கருமத்தம்பட்டியில் இருக்கும் அந்த அம்மாவை இன்றுவரை நான் பார்த்ததில்லை, அவர் முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியாது, ஆனால் ஐம்பத்தாறு வயதில் என்னைப் புள்ளை என்று கணக்கில் சேர்த்து, வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒருத்தி அடுப்பைப் பற்றவைத்தாளே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகைதான் வருகிறது.