வயிற்றோடு தைத்த கை

என் வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் எல்லோரும் 'மடிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் மனுஷனுக்குப் பொறுக்காது. அப்படி ஒரு சுருக்கத்தை நீவப் போய்த்தான், துணி தேய்க்கும் இயந்திரத்தின் ஓடும் சூட்டு உருளைக்குள் வலது கையைக் கொடுத்துவிட்டார். புறங்கைத் தோல் வெந்து நரம்பு வெளியே தெரிந்தது.

மருத்துவமனையில் அடிவயிற்றுத் தோலை முழுசாக வெட்டி எடுக்காமல், ஒரு முனை அங்கேயே இருக்க, மறுமுனையைப் புறங்கையில் தைத்தார்கள். மூன்று வாரம் கை வயிற்றோடுதான்.

"அதுவரைக்கும் வயித்து ரத்தத்துலதான் அந்தத் தோல் பிழைக்கும். கை ரத்தம் அதுல ஊறின பிறகுதான் பிரிப்போம். சிகரெட் வாடையே ஆகாது, ரத்தக்குழாய் சுருங்கிடும்" என்றார் டாக்டர்.

தும்மல் வந்தால் எங்களுக்கு உயிரே போய்விடும். எங்கே தையல் பிய்ந்துவிடுமோ என்று அவர் மூக்கைப் பிடிக்க, நான் அவர் முழங்கையைப் பிடிப்பேன். பக்கத்துக் கட்டில்காரர், "வயித்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்காரே, சாப்பாடு போடலையாம்மா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் நடுங்க ஆரம்பித்துவிட்டார். "கை கறுத்து விழுந்துடும்னு தோணுதுடி. ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடு, தலையே வெடிக்குது."

அவர் சிகரெட்டுக்காக இருபது வருஷமாக நான் போடாத சண்டையில்லை. அன்றைக்குப் பார்த்து மனசு இளகித் தொலைத்தது. பின்படிக்கட்டில் நானே பற்ற வைத்துக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். புத்தி கெட்டவள், வேறென்ன சொல்ல!

இருபத்தோராம் நாள் சோதனை. வயிற்றுக்கும் கைக்கும் நடுவிலிருந்த தோலை டாக்டர் ரப்பர் பட்டையால் இறுக்கினார். வயிற்று ரத்தம் நின்றும் நிறம் மாறாவிட்டால் பிரித்துவிடலாம். ஐந்தே நிமிஷத்தில் ஓரம் நீலம் பாரித்தது.

"சிகரெட் ஏதாவது பிடிச்சீங்களா? அதுதான் காரணம்னா நிறுத்திட்டு ஒரு வாரம் பார்க்கலாம். இல்லேன்னா இந்தத் தோலை எடுத்துட வேண்டியதுதான்."

"ஐயோ, இல்லவே இல்ல சார்" என்றார் இவர் சட்டென்று. என்னைக் காப்பாற்றத்தான்.

"பிடிச்சார் சார். நான்தான் குடுத்தேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் திட்டித் தீர்த்தார்.

அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான். எட்டாம் நாள் பட்டையை இறுக்கியும் நிறம் மாறவில்லை. பிரித்துவிட்டார்கள். ஆனால் வயிற்றின் துணை போன பிறகு அந்தத் தோல் தானாகப் பிழைக்குமா என்பது மறுநாள்தான் தெரியும் என்றார் நர்ஸ். மறுநாள் நர்ஸ் கைக்கட்டைப் பிரித்ததும் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்களே பாருங்களேன்" என்றேன்.

"மாட்டேன். நீ பாத்துச் சொல்லு. உனக்குத்தான் பொய் சொல்ல வராது."

நர்ஸ் காட்டியபடி விரலால் மெல்ல அழுத்தினேன். வெளுத்தது. விரலை எடுத்தேன். அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக, ஓரத்திலிருந்து நிறம் ஊறி வந்தது.

"உயிரோட இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன்.